‘கரண்டு வச்சா தோல் கருகிருமா?’: கதிர் சிகிச்சை பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் இரு கரையிலிருந்தும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறவர்களில் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுப்பவர்கள் உண்டு. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்களும், சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி அடையாறு போகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் ஊரில் இதற்குப் பெயர் ஒன்றுதான்: ‘கரண்டு வைக்கிறது’. பயத்தில் பாதியை இந்தப் பெயரே கொண்டுவந்துவிடுகிறது. கரண்டு என்றால் ஷாக், ஷாக் என்றால் கருகல். மூன்றாவது வாரம் தோல் கறுக்கத் தொடங்கியதும், “சொன்னேம்லா, கருகுது” என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். சிகிச்சையைப் பாதியில் விடும் எண்ணம் பல வீடுகளில் அந்தப் பேச்சில்தான் பிறக்கிறது. அடிக்கடி காதில் விழும் கேள்விகளை, கேட்பவர்களின் பேச்சிலேயே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“கரண்டு உடம்புல பாஞ்சா தோல் கருகத்தானே செய்யும்?”

உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. கருவி ஓடுவதற்குத்தான் மின்சாரம். உடம்புக்குள் போவது எக்ஸ்ரே எடுக்கும்போது போகிற கதிரின் பல மடங்கு வலுவான உறவுக்காரன். கோபால்ட் கருவியாக இருந்தால் காமா கதிர். மேஜையில் படுத்திருக்கும் சில நிமிடங்களில் சூடோ வலியோ தெரியாது.

ஆனாலும் ‘கருகும்’ என்ற பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதைக் கையாண்டவர்களுக்குத் தோல் புண்ணும் முடி உதிர்வும் வந்தன. ரேடியம் இருந்த சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த பெக்கரலுக்கு 1901-இல் அந்த இடத்தில் புண் வந்தது. அந்தக் காலத்தில் கதிரை அளக்கச் சரியான கருவிகூடக் கிடையாது. தோல் சிவக்கும் அளவுதான் மருத்துவர்களுக்கு அளவுகோல். பின்னால் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த ‘டீப் எக்ஸ்ரே’ கருவிகளின் கதிர் வலுக் குறைந்தது. உள்ளே இருக்கும் கட்டியை எட்டுவதற்குள் தன் பலத்தில் பெரும்பங்கை மேல்தோலிலேயே இறக்கிவிடும். அந்தத் தலைமுறை ஆச்சிகளும் தாத்தாக்களும் கண்ணால் பார்த்த புண்தான் இன்றும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

கோபால்ட் வந்து அதை மாற்றியது. ஆசியாவின் முதல் கோபால்ட் கருவிகளில் ஒன்று 1957-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய நிறுவனம் அது. கோபால்ட் கதிரின் உச்சப் பலம் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே விழும். இன்று பரவலாகியிருக்கும் லினாக் கருவியின் வழக்கமான கதிருக்கு அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். அதாவது கதிர் தோலை ஓரளவு தாண்டிப் போய்த்தான் வேலை செய்கிறது. தோல் முழுவதுமாகத் தப்புவதில்லை. ஆனால் பாட்டி பார்த்த புண்ணும் பேத்திக்கு வருகிற புண்ணும் ஒன்றில்லை.

“பத்து நாள் ஆச்சு, ஒண்ணுமே தெரியல. மெஷின் வேலை செய்யுதா?”

செய்கிறது. தோலுக்கு என்று ஒரு நாள்கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்கள் பயப்படுவது குறைவு.

மேல்தோலின் அடிவரிசையில் நாற்றங்கால் மாதிரி ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து புதுச் செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்; மேலே இருப்பவை காய்ந்து உதிரும். இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ நாலு வாரம். கதிர் பாதிப்பது அடியில் இருக்கும் நாற்றைத்தான். மேலே ஏற்கெனவே வந்துவிட்ட செல்கள் வழக்கம்போல உழைத்துவிட்டு உதிரும். அதனால் முதல் இரண்டு வாரம் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இடம் வெதுவெதுப்பாகும், அரிக்கும், இறுகினாற்போல இருக்கும், கறுக்கும். மூன்றாவது, நாலாவது வாரத்தில் பொடுகு மாதிரி உலர்ந்து உரியும். நாற்று போதாமல் போன இடங்களில் நாலாவது, ஐந்தாவது வாரம் தோல் விலகி நீர் வடியும். அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு, தொடையிடுக்கு, கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்கள்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

பலரையும் நிலைகுலைய வைப்பது இதற்கடுத்த கட்டம். கடைசி சிட்டிங் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தோல் இன்னும் மோசமாகும். “முடிஞ்சுபோச்சுன்னு சந்தோசமா வந்தோம், இப்பதான் புண்ணு பெருசாவுது” என்று பதறி மறுபடி ஓடி வருவார்கள். அதுவும் கணக்கில் உள்ளதுதான். அந்த உச்சம் தாண்டியதும், தப்பிய நாற்று பெருகி, பெரும்பாலோருக்கு நாலு வாரத்துக்குள் புதுத்தோல் மூடிவிடும்.

“புஸ்தகத்துல சிவக்கும்னு போட்டிருக்கு. எனக்குச் சிவக்கவே இல்லையே?”

அந்தப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுப்புக் கூடுவதாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும். சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நமக்கு முதல் அறிகுறி தப்பிவிடும். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் பக்கத்துத் தோலைவிடச் சூடு தெரிகிறதா, அரிப்பு இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்கும்போது அவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முன்னால் மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள், முதுகில் ஏன் கறுத்தது என்று கேட்பவர்களும் உண்டு. கதிர் உடம்பைத் தாண்டி மறுபக்கம் வெளியேறும்; அந்த வழியில் இருக்கும் தோலும் கறுக்கும், பின்கழுத்து முடியும் உதிரும்.

“பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் மார்புதான். அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு மட்டும் ஏன்?”

மார்பை முழுதாக எடுத்தவர்களுக்குத் தோலும் அதன் கீழுள்ள மெல்லிய படலமும்தான் கதிர் சேர வேண்டிய இடம். அங்கே தோலைத் தாண்டிப் போகிற கதிரால் பிரயோசனம் குறைவு. அதனால் ஜெல் போன்ற ஒரு விரிப்பைச் சில நாட்கள் தோல்மேல் போட்டுச் சிகிச்சை கொடுப்பது உண்டு. கதிரின் உச்சப் பலம் தோலிலேயே விழட்டும் என்று மருத்துவர் வேண்டுமென்றே செய்வது அது. அப்படிச் செய்தால் தோல் புண்ணும் கூடத்தான் செய்யும். கட்டியை மட்டும் எடுத்தவருக்கு அந்த விரிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. உடல்பருமன், சர்க்கரை நோய், கூடவே போகும் கீமோ மருந்து, பீடி சிகரெட் பழக்கம் எல்லாம் வித்தியாசத்தைக் கூட்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். சிகிச்சைக்குப் போகுமுன் தடிமனாகக் களிம்போ சந்தனமோ அப்பிக்கொண்டால், அதுவும் அந்த விரிப்பு செய்கிற வேலையைத்தான் செய்யும். மருத்துவர் கேட்காத இடத்தில் நாமே தோலுக்குக் கதிரைக் கூட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம். கொடுத்த களிம்பைச் சிகிச்சை முடிந்து வந்தபின் மெல்லிசாகத் தடவுங்கள்.

“உரிஞ்சு தண்ணி வடியுது. ஆறுத வரைக்கும் ஒரு வாரம் நிப்பாட்டிக்கிடலாமா?”

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்க வேண்டாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாய், தொண்டைப் புற்றுக்குப் பொதுவாக 33 முதல் 35 சிட்டிங், கிட்டத்தட்ட ஏழு வாரம். ஒரேயடியாகக் கொடுக்காமல் ஏன் தினம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்? இரண்டு சிட்டிங்குக்கு நடுவே நல்ல செல்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மொத்தச் சிகிச்சையும் நிற்பது இந்த வித்தியாசத்தின் மேல்தான். ஆனால் புற்றும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் விதர்ஸ் என்ற மருத்துவரின் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டியது. தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை தொடங்கிச் சுமார் நாலு வாரம் ஆனதும், மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதன் பிறகு தவறவிடும் ஒவ்வொரு நாளும், நோய் கட்டுப்படும் வாய்ப்பை ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதனால்தான் வெளிக்கதிர், உள்கதிர் இரண்டையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

நாட்களைச் சேர்த்துப் பாருங்கள். தோல் விட்டுக்கொடுக்கும் நாலாவது வாரமும் புற்று முறுக்கேறும் நாலாவது வாரமும் ஒரே வாரம். ‘கொஞ்சம் ஆறட்டும், கொடை முடிஞ்சு போவோம்’ என்று வீடு முடிவெடுப்பதும் அதே வாரத்தில்தான். ஊர்க்கோயில் கொடைக்காக ஒரு வாரம், பஸ் காசுக்காக இரண்டு நாள், மழைக்காக ஒரு நாள் என்று விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது.

நிறுத்தியே ஆகவேண்டிய அளவுக்குப் புண் இருந்தால் மருத்துவர்தான் நிறுத்த வேண்டும். விட்ட நாளை ஈடுகட்ட அவருக்கு வழிகள் இருக்கின்றன. சனிக்கிழமை ஒரு சிட்டிங் சேர்க்கலாம். ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுக்கலாம். நீங்கள் வராமலே இருந்தால் இந்த வழிகள் எதையும் அவர் எடுக்க முடியாது. புண்ணோடு போங்கள். புண்ணைக் காட்டினால் திட்டுவார்கள் என்று துண்டால் மூடி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துண்டை அவிழ்த்துக் காட்டுங்கள். நீர் வடியும் புண்ணுக்கு ஈரம் காக்கும், தோலோடு ஒட்டாத கட்டு இருக்கிறது. அது வலியையும் குறைக்கும். பஞ்சை நேராகப் புண்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிய்க்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், ரத்தம் என்றால் மறுநாள் சிட்டிங் வரை காத்திருக்க வேண்டாம்.

“ஆத்துல குளிக்கலாமா? குத்தாலத்துல சாரல் விழுதுன்னு சொல்லுதாங்க...”

தோல் முழுதாக இருக்கும்வரை தினமும் குளிக்கலாம், குளிக்கவும் வேண்டும். முன்பெல்லாம் கதிர் வைத்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்று சொல்வார்கள். இன்னும் சில வீடுகளில் ஒன்றரை மாதம் துடைத்துவிட்டே காலம் தள்ளுகிறார்கள். 1992-இல் இங்கிலாந்திலும் 2001-இல் கனடாவிலும் குளித்தவர்களையும் குளிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவியவர்களுக்குப் புண் கூடவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. நம் ஊர் வேர்வைக்குக் குளிக்காமல் இருந்தால் மடிப்புகளில் கிருமி சேரும்.

வெதுவெதுப்பான தண்ணீர், கை மட்டும். பீர்க்கங்கூடும் நாரும் வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் கோடு போட்டிருந்தால் அது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கினால் வீட்டில் பேனாவால் வரையாமல் மருத்துவமனையில் போய்ச் சொல்லுங்கள். சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால்கூடக் கதிர் விழும் இடம் மாறும்.

ஆற்றுக் குளியலைப் பொறுத்தவரை, குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் முங்கி எழுந்து வளர்ந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் நகரத்துக் கழிவுநீர் கலக்கும் தாமிரபரணியில் திறந்த புண்ணோடு இறங்கக்கூடாது. குற்றால அருவி வேறு வகை. தண்ணீர் மோதும் வேகமே நொய்ந்த தோலைப் பிய்த்துவிடும். புதுத்தோல் மூடி இரண்டு மூன்று மாதம் ஆனபின், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, ஆற்றுக்கும் அருவிக்கும் தாராளமாகப் போகலாம்.

“மஞ்சள் பூசலாமா? வேப்பிலை? தேங்கா எண்ணெய்?”

மஞ்சளைப் பற்றி வெளிநாட்டிலேயே ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரையால் கதிர்ப் புண் குறையும் என்று முதலில் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. மார்புப் புற்று நோயாளிகள் 686 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. சமையலில் மஞ்சள் இருக்கட்டும். வெந்த தோலில் அரைத்துப் பூச வேண்டாம். அது காய்ந்து பொருக்காகி இழுக்கும், நிறத்தை மறைத்துப் புண்ணின் நிலை தெரியாமல் செய்யும். வேப்பிலைப் பத்து, டால்கம் பவுடர், வெந்நீர் ஒத்தடம், ஐஸ் கட்டி எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். திருநீறும் சந்தனமும் நெற்றியோடு நிற்கட்டும். கழுத்திலும் மார்பிலும் சிகிச்சை நடக்கும் மாதங்களில் மட்டும் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெயை உரியாத தோலில் இரவில் மெல்லிசாகத் தடவினால் கெடுதல் இல்லை. நீர் வடியும் இடத்தில் தடவாதீர்கள்.

அரிப்பையும் வீக்கத்தையும் குறைக்கும் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவரே எழுதித் தருவது உண்டு, அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அதே இனத்துக் களிம்பை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் புண்மேல் போடுவது ஆபத்து.

உடுப்பில் கவனம் வையுங்கள். இறுக்கமான பிளவுஸ், எலாஸ்டிக் பட்டை, கழுத்துச் சங்கிலி, காலர் வைத்த சட்டை எல்லாம் உரசும். தாலிக்கயிறு புண்ணில் உரசினால் ஆறும்வரை கழற்றி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. இதை மாமியார் முன்னால் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். பத்தமடைப் பாயில் படுத்துப் பழகியவர்கள் மேலே பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். கருவாடு, முட்டை, மீன் ‘புண்ணுக்கு ஆகாது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். புதுத்தோல் கட்டுவதற்குப் புரதம்தான் கல்லும் மண்ணும். வாய் வெந்து காரம் தாங்காதவர்களுக்கு, மிளகாயும் இஞ்சியும் இல்லாமல் வைத்த சொதியில் குழையப் பிசைந்த சோறு, உளுந்தங்களி, அவித்த முட்டை கொடுக்கலாம்.

“பீடி சுத்தலாமா?”

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களின் கேள்வி இது. ஒரு நாள் சுற்றாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. உடம்பு ஒத்துழைத்தால் வேலை செய்வதில் தவறில்லை. ஆனால் சொளவை மடியில் வைத்துக் குனிந்தே இருக்கும்போது மார்புக்குக் கீழும் கழுத்திலும் வேர்வை தேங்கும், மடிப்பு உரசும். புகையிலைத் தூளும் உரிந்த இடத்தில் படியும். மார்பிலோ கழுத்திலோ சிகிச்சை எடுப்பவர்கள் மூன்றாவது வாரத்திலிருந்து தோல் ஆறும்வரை விலகி இருப்பதே நல்லது. முடியவே முடியாது என்றால் சொளவை உயரமாக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, முடித்ததும் குளித்து மாற்றுச்சேலை கட்டுங்கள். வீட்டு ஆண்கள் குடிக்கிற பீடி வேறு விவகாரம். சிகிச்சை நாட்களில் புகைப்பவருக்குப் புண்ணும் கூடும், சிகிச்சையின் பலனும் குறையும்.

“பேரப்பிள்ளையத் தூக்கலாமா?”

தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் விளக்கு வெளிச்சம் மாதிரி. அணைத்ததும் அறையில் எதுவும் தங்காது. கர்ப்பப்பைக்கு உள்ளே வைக்கும் கதிரையும் பெரும்பாலான மையங்களில் அன்றே எடுத்துவிடுகிறார்கள். தைராய்டு புற்றுக்குக் குடிக்கத் தரும் கதிரியக்க அயோடின் மட்டும்தான் வேறு. அதற்குச் சில நாள் தனிமை உண்டு, அங்கேயே சொல்லி அனுப்புவார்கள்.

“இந்தக் கறுப்பு எப்பப் போவும்?”

உரிந்து புதுத்தோல் வந்தபின் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுக்கும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். வெளுப்பாக்கும் கிரீம் எதுவும் வேண்டாம். அந்த இடத்துத் தோலுக்கு இனி வெயில் ஆகாது. வயலுக்குப் போனாலும் வண்டியில் போனாலும் துண்டோ குடையோ ஆயுசுக்கும் வேண்டும். வேர்வைச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வறட்சி இருக்கும். முடி உதிர்வது கதிர் விழுந்த இடத்தில் மட்டும்தான். சில மாதத்தில் பெரும்பாலும் முளைக்கும், கதிரின் அளவு அதிகமான இடத்தில் தாடி முளைக்காமலே போகலாம்.

“எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. இனி என்ன?”

தோல் விஷயத்தில் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு, அது மெதுவானது. ஆறு மாதம் தாண்டிச் சிலருக்கு அந்த இடம் தடித்து இறுகும், சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரியும். தோள்பட்டையையும் கழுத்தையும் வாயையும் அசைக்கச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஆறியதும் விட்டவர்களுக்கே இறுக்கம் அதிகம். ஆறிய இடத்தில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் நின்றால் காட்டியே ஆக வேண்டும்.

வாய், தாடையில் கதிர் வாங்கியவர்கள் பல் பிடுங்கப் போனால், வருடம் எத்தனை ஆகியிருந்தாலும் பல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். கதிர் வாங்கிய தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சாதாரணமாகப் பிடுங்கினால் பள்ளம் மூடாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. கழுத்தில் வாங்கியவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எடுக்க வேண்டும்.

பெண்கள் கேட்காமலே விட்டுவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர் வாங்கியபின் பிறப்புறுப்பின் பாதை வறண்டு, சுருங்கி, ஒட்டிக்கொள்ளலாம். கணவனோடு சேர்வது வலிக்கும். மருத்துவர் உள்ளே சோதித்துப் பார்ப்பதும் கடினமாகும். இதைத் தடுக்க விரிவாக்கும் சிறு கருவியும் பயிற்சியும் வழவழப்புக் களிம்பும் இருக்கின்றன. கணவன் இல்லாதவர்களுக்கும் இது வேண்டும், மறுபரிசோதனைக்காக. ஆண் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் சிஸ்டரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். தினமும் இதைப் பார்க்கிற அவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை.

கடைசியாக, எந்த இடத்தில், எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு கதிர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கப்போகும் வேறு ஊர் மருத்துவருக்கும் பல் டாக்டருக்கும் அந்தத் தாள்தான் வேண்டும். லேமினேட் செய்து, ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் இருக்கிற பையிலேயே வைத்துவிடுங்கள்.